ஃபேக்டர் போட்ட மூன்றாம் நாளே ரத்தக்கசிவு: பிகே டெஸ்ட் எடுத்தவர்கள் யாராவது உண்டா?

மணப்பாறை அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு 7 வயது, எடை 20 கிலோ. ஹீமோபிலியா ஏ, சிவியர், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு அவன் உடம்பில் 1 சதவீதம்கூட இல்லை. மருந்தை எதிர்த்து அழிக்கும் இன்ஹிபிட்டர் இல்லை. ஒரு வருடமாகத் திங்கள், வியாழன் இரண்டு நாளும் காலை 7 மணிக்கு 500 யூனிட் ஃபேக்டர் எட்டு போடுகிறோம். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இடது கணுக்காலைத் தாங்கித் தாங்கி வருகிறான். புதன் இல்லையென்றால் ஞாயிறு. நான்கு மாதத்தில் ஆறு தடவை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆறும் இந்த இரண்டு கிழமைதான். மாமியார் புதன் பகவானுக்குப் பரிகாரம் செய்யச் சொல்கிறார்.

டாக்டர், "மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து பார்ப்போம், பிகே எடுங்கள்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸ். அவர், இதற்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ரத்தம் எடுப்பார்கள், அதற்கு முன் மூன்று நாள் ஃபேக்டரே போடக்கூடாது என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார். உண்மையா? இதனால் என்ன லாபம்?

நீலமூடி

ரத்த உறைவு ஆய்வகத்தில் 14 வருடமாக இருக்கிறேன். உங்கள் நர்ஸ் சொன்னது பொய் இல்லை, பழசு. முழுமையான பிகே என்றால் மூன்று நாள் மருந்தை நிறுத்தி, ஃபேக்டர் போட்டு, 48 மணி நேரத்துக்குள் பத்துப் பதினோரு மாதிரி எடுப்பார்கள். புது மருந்துகளின் ஆராய்ச்சிக்கு அது சரி. 7 வயதுப் பிள்ளையின் நரம்புக்கு அது அநியாயம்.

இப்போது இரண்டு அல்லது மூன்று மாதிரி போதும். மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை. கடைசியாகப் போட்ட ஊசிகளின் தேதி, நேரம், அளவு சரியாக எழுதியிருந்தால் போதும். எப்படி முடிகிறது என்றால், நல்ல தையற்காரர் தோளையும் உயரத்தையும் அளந்துவிட்டு மிச்சத்தை அனுபவத்தில் வெட்டிவிடுவார் இல்லையா, அதே மாதிரிதான். அதே மருந்தை எடுத்துக்கொண்ட நிறையப் பேரின் வளைகோடுகள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. வயது, எடை, உங்கள் பையனின் இரண்டு மூன்று புள்ளிகள் இவற்றைக் கொடுத்தால் அவனுடைய வளைகோட்டை அது தேடிப் பிடித்துவிடும். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் வாப்ஸ் ஹீமோ இந்த வழியில்தான் இயங்குகிறது. டாக்டர் தன் மையத்தின் பெயரில் பதிவு செய்து விவரத்தைக் கொடுக்க வேண்டும், நாமாகக் கொடுக்க முடியாது.

பார்க்கப்போவது முக்கியமாக இரண்டு. ஒன்று, போட்டவுடன் எவ்வளவு ஏறுகிறது. கிலோவுக்கு 1 யூனிட் ஃபேக்டர் எட்டு போட்டால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும் (நோய் இல்லாதவரின் சராசரி அளவு 100) என்பது பொதுக்கணக்கு. உங்கள் பையனுக்குக் கிலோவுக்கு 25 யூனிட், ஆக 50 சதவீதம் ஏற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஏறும். இரண்டு, அரை ஆயுள். ஏறினது பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் என்பது. பெரியவர்களுக்குச் சாதாரண ஃபேக்டர் எட்டு சராசரியாக 12 மணி. ஆனால் ஆளுக்கு ஆள் இது இரண்டு மூன்று மடங்கு மாறும். பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சீக்கிரம் இறங்கிவிடும்.

உங்கள் நோட்டைப் பார்த்தால் எனக்குப் புதன் பகவான் மேல் சந்தேகம் வரவில்லை.

கணக்கு வாத்தியார்

அக்கா பையனுக்கும் இதே நோய்தான், அதனால் இந்தப் பக்கம் வருவேன். பள்ளியில் கதிரியக்கத்துக்குப் போடும் அதே அரை ஆயுள் கணக்கு இது.

50 சதவீதத்தில் தொடங்குவோம். அரை ஆயுள் 12 மணி என்றால் 24 மணியில் 12.5, 48 மணியில் 3, 72 மணியில் 0.8. வியாழன் காலை அடுத்த ஊசி வரும்போது 1 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்திருக்கும், அவ்வளவுதான். அதே பிள்ளைக்கு அரை ஆயுள் 8 மணி என்று வையுங்கள். 24 மணியில் 6, 40 மணியில் 1.5, 48 மணியில் 0.8. அதாவது திங்கள் 7 மணிக்குப் போட்டது புதன் விடியற்காலை 4 மணிக்கே 1 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அன்று பகல் முழுவதும் பையன் ஊசியே போடாதவன் மாதிரிதான் ஓடியாடுகிறான். வியாழன் போட்டது சனி விடியலில் தீர்ந்துவிடும். ஞாயிறு ஏன் என்று இப்போது புரியும்.

நான் 8 என்றது ஊகம். அளந்தால்தான் தெரியும். புதன்கிழமை விளையாட்டு வகுப்பு உண்டா?

மணப்பாறை அம்மா

சார், உண்டு. மத்தியானம் கடைசி இரண்டு பீரியட். படிக்கும்போதே கை நடுங்கியது.

அனுபவஸ்தன்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? டோஸைக் கூட்டச் சொல்லுங்கள். 500 பத்தவில்லை என்றால் 1000 போட வேண்டியதுதானே. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு நாள் நிற்கும். என் மகனுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கணக்கு வாத்தியார்

அண்ணே, எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. இரண்டு மடங்கு போட்டால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு அரை ஆயுள். 100 சதவீதத்தில் தொடங்கினால் 8 மணி நேரத்தில் 50க்கு வந்துவிடும், அப்புறம் பழைய கதைதான். 1 சதவீதத்துக்கு இறங்க 500 போட்டால் 45 மணி, 1000 போட்டால் 53 மணி. எட்டு மணி நேரத்துக்காக ஒரு முழு 500 யூனிட் குப்பியைச் செலவழிக்கிறோம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டோஸைப் பாதியாக்கினால் இழப்பதும் அந்த 8 மணிதான். 250 யூனிட் 37 மணி நிற்கும். ஆக ஒரு 500ஐ இரண்டு 250 ஆகப் பிரித்துப் போட்டால் 45 மணிக்குப் பதில் 74 மணி கிடைக்கிறது. மருந்து ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை.

அனுபவஸ்தன்

கணக்கு சரிதான். ஊசி இரண்டு மடங்கு ஆகிறதே, அது உங்கள் பலகையில் எங்கே வருகிறது? குத்துவது யார் கையில்?

பழைய முழங்கால்

அனுபவஸ்தன் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு முன் ஒரு கிழவன் கதை.

எனக்கு 58 வயது. என் சின்ன வயதில் ஐஸ் கட்டியும் கட்டிலும்தான் மருந்து. அப்புறம் கிரையோ வந்தது. பிளாஸ்மாவை உறைய வைத்து மெதுவாக உருக்கினால் அடியில் தங்குகிற வண்டலில் ஃபேக்டர் எட்டு நிறைய இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் அம்மையார் 1960களின் நடுவில் கண்டுபிடித்தார். எங்களுக்கு அது தெய்வம். ஆனால் ஒரு பையில் எத்தனை யூனிட் என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் ரத்தத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. சுமார் 80 என்பார்கள், ஒரு பை 50 இருக்கும், இன்னொன்று 120 இருக்கும். "ஆறு பை போடு" என்பார்கள், ஐந்தாவது பையில் வலி குறைந்தால் ஆறாவதை அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே போனது எவ்வளவு என்றே தெரியாதபோது, எவ்வளவு நேரம் நின்றது என்று யார் அளப்பது? என் இரண்டு முழங்காலும் அந்தக் காலத்தின் கணக்குப் புத்தகம்.

ஸ்வீடனில் 1958லேயே இங்கா மேரி நில்சன் பிள்ளைகளுக்குக் கசிவு வருவதற்கு முன்பே போட ஆரம்பித்துவிட்டார். மிதமான ஹீமோபிலியாக்காரர்களுக்கு, அதாவது 1 முதல் 5 சதவீதம் உள்ளவர்களுக்கு, மூட்டு அவ்வளவாகக் கெடுவதில்லை என்பதைப் பார்த்து, சிவியரையும் மிதமானவர்கள் மாதிரி ஆக்கிவிடலாம் என்ற யோசனை. இந்த 1 சதவீதக் கோடு அங்கேயிருந்து வந்ததுதான்.

அதனால்தான் சொல்கிறேன், 1 என்பது சாமி போட்ட கோடு இல்லை. 0.8ல் ஒன்றும் ஆகாமல் திரிகிற பையனும் உண்டு, 3ல் கசிகிறவனும் உண்டு. ஏற்கெனவே அடிபட்ட கணுக்கால் என்றால் 3 பத்தாது. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டியே (அதைத் தொகுத்தவர்களில் முதல் பெயர் நம் வேலூர் சிஎம்சியின் அலோக் ஸ்ரீவஸ்தவா) 1 போதாது, முடிந்தால் 3 முதல் 5 வரை வைத்திருங்கள் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. முடிந்தால் என்பதுதான் நம் ஊரில் பெரிய வார்த்தை.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். உங்கள் வீட்டில் புதன் வேண்டவே வேண்டாம் என்றாகிவிட்டதே அம்மா.

ஸ்காபரோ அப்பா

எங்கட மகனுக்கு இப்ப 11 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதைச் செய்தோம். இரண்டே தரம்தான் ரத்தம் எடுத்தார்கள், பிள்ளை ஐபேட் பார்த்துக்கொண்டு இருந்தான்.

எங்கட கதையில் ஏமாற்றம் வேறு மாதிரி. நீண்ட நேரம் நிற்கிற எலோக்டேட் தருகிறார்கள். துண்டுப் பிரசுரத்தில் 19 மணி நேர அரை ஆயுள் என்று போட்டிருக்கும். மகனுக்கு வந்தது 14. டொக்டரோடு சண்டை போடாத குறை. பிறகுதான் விளங்கியது, 19 என்பது வளர்ந்தவர்களின் சராசரி. பிள்ளைகளுக்குக் குறையத்தான் வரும்.

இன்னொன்றும் சொன்னார். எட்டு ரத்தத்தில் தனியாகப் போவதில்லை, வான் வில்லிபிராண்ட் என்கிற புரதத்தில் ஏறித்தான் போகும். அந்த வண்டி எவ்வளவு நேரத்தில் அழிகிறதோ அதை ஒட்டித்தான் எட்டின் ஆயுளும். அதனால்தான் மருந்து வாலில் எதை ஒட்டினாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளவில்லை. ஓ குரூப் ரத்தக்காரருக்கு இந்த வான் வில்லிபிராண்ட் மற்றவர்களைவிடக் கால்வாசி அளவு குறைவாம், எட்டும் கெதியாக இறங்குமாம். எங்கட பிள்ளை ஓ. 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஆல்டுவியோ அந்த வண்டியில் ஏறாமல் தன் வண்டியைத் தானே கொண்டு போகிற மருந்து, வளர்ந்தவர்களுக்கு 40 மணிக்கு மேல் நிற்கிறது.

தங்கச்சி, உங்கட மகன் என்ன குரூப்?

மணப்பாறை அம்மா

ஓ பாசிட்டிவ், அண்ணா.

பி டீம் அப்பா

பேச்செல்லாம் எட்டு பற்றியே போகிறது, ஒன்பதுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஹீமோபிலியா பி. ஒன்பதாவது ஃபேக்டர் உருவத்தில் சிறியது, ரத்தக்குழாயை விட்டு வெளியே போய்த் திசுக்களில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் 1 சதவீதம்தான் ஏறும், எட்டில் பாதி. அரை ஆயுளும் நீளம், சாதாரண மருந்துக்கே 18 முதல் 24 மணி. ஆல்புமின் ஒட்டிய இடெல்வியான் மாதிரி மருந்து நூறு மணி நேரத்தைத் தொடும். அப்படிப்பட்ட மருந்துக்கு இரண்டு நாளில் மாதிரி எடுத்து முடித்தால் வால் பகுதி தெரியவே தெரியாது, ஒரு வாரம் தாண்டியும் எடுக்க வேண்டும்.

திசுவில் ஒட்டியிருக்கிற ஒன்பதும் வேலை செய்கிறதா, ரத்தத்தில் அளக்கிற எண் முழு உண்மையைச் சொல்கிறதா என்று நிபுணர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். எங்களுக்கு எண் ஒரு பாதிச் சாட்சிதான்.

மணப்பாறை அம்மா

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மனது சரியில்லை.

டாக்டர் இருக்கிற ஊருக்கு மூன்று தடவை போய்வர முடியாதே என்று, பக்கத்தில் ஒரு தனியார் லேபில் மாதிரி எடுத்து அனுப்பலாம் என்று பார்த்தோம். திங்கள் 7 மணிக்கு ஊசி, 11 மணிக்கு மாதிரி. ரத்தம் சரியாக வரவில்லை, குழாயில் பாதிதான் நிரம்பியது, "போதும்மா" என்றுவிட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். முடிவு 9 சதவீதம். ஊசி போட்டு நாலு மணி நேரத்தில் 9! இன்ஹிபிட்டர் வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

நீலமூடி

முதலில் சாப்பிடுங்கள். அந்த 9ஐக் கிழித்துப் போட்டுவிடலாம்.

நீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே அளந்து இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குழாய் பாதி நிரம்பினால் சிட்ரேட் இரண்டு மடங்காகிவிடுகிறது. நாங்கள் சோதனையில் சேர்க்கிற கால்சியத்தை அது விழுங்கிவிடும், ரத்தம் தாமதமாக உறையும், எந்திரம் "ஃபேக்டர் குறைவு" என்று சொல்லும். குழாயில் கோடு போட்டிருப்பது அழகுக்கு இல்லை. ஐஸில் வைத்ததும் தப்பு. முழு ரத்தத்தைக் குளிரவைத்தால் எட்டும் வான் வில்லிபிராண்டும் குறைந்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். பாதி உறைந்த நிலையில் பஸ்ஸில் போகக்கூடாது.

இன்னொரு வழக்கமான தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட அதே கேனுலாவிலிருந்து ரத்தம் எடுக்கக்கூடாது. குழாயில் ஒட்டியிருக்கிற மருந்தும் சேர்ந்து வரும், பிள்ளைக்கு 180 சதவீதம் இருக்கிறது என்று முடிவு வரும். மறு கையில் எடுக்கச் சொல்லுங்கள். நேரத்தை "காலை" என்று எழுதாமல் 11.05 என்று எழுதச் சொல்லுங்கள். 8 மணி அரை ஆயுளில் ஒரு மணி நேரம் தவறினால் எண் பத்து சதவீதத்துக்கு அருகில் மாறும்.

இன்ஹிபிட்டர் பயம் வீண் இல்லை, அரை ஆயுள் திடீரென்று குறைவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் அடுத்த தடவை பெதஸ்டா சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பாருங்கள். உறைவு நேரத்தை வைத்து அளக்கும் ஒரு முறை உண்டு, நிறம் மாறுவதை வைத்து அளக்கும் குரோமோஜெனிக் முறை உண்டு. சில மருந்துகளுக்கு இரண்டும் வேறு வேறு எண் கொடுக்கும். ஒரு மாதிரியை இதிலும் ஒரு மாதிரியை அதிலும் பார்த்தால் வளைகோடு கோணல்மாணலாகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே அளவீட்டு விவகாரத்தில் நான் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். ஃபேக்டருக்குப் பதில் எமிசிசுமாப் எடுக்கிறேன், தோலுக்கடியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. போன வருடம் பல் பிடுங்கப் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரத்தம் உறையும் நேரம், அதாவது ஏபிடிடி, நார்மல், ஃபேக்டர் எட்டு 200க்கு மேல், உங்களுக்கு ஹீமோபிலியாவே இல்லை" என்றார் இளம் மருத்துவர். சந்தோஷமாகத்தான் இருந்தது! நல்லவேளை, நான் எங்கள் மையத்துக்குப் போன் போட்டேன்.

நீலமூடி

அருமையான உதாரணம். எமிசிசுமாப் எட்டு செய்கிற வேலையை, அதாவது ஒன்பதாவது ஃபேக்டரையும் பத்தாவது ஃபேக்டரையும் சேர்த்துப் பிடிக்கிற வேலையை, தானே செய்கிறது. எட்டு வேலை செய்ய ஆரம்பிக்கச் சில படிகள் வேண்டும், இதற்கு வேண்டாம். அதனால் ஏபிடிடி குழாயில் படுவேகமாக உறைந்துவிடும், எந்திரம் ஏமாந்துபோகும். இதை எடுப்பவரிடம் உண்மையான எட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுப் புரதங்கள் கொண்ட குரோமோஜெனிக் சோதனை வேண்டும். இந்த மருந்து மனித ஒன்பதையும் பத்தையும்தான் பிடிக்கும், மாட்டினுடையதைத் தொடாது. இன்ஹிபிட்டர் சோதனைக்கும் அப்படியே. இதன் அரை ஆயுள் நான்கு வாரத்துக்குப் பக்கம், நிறுத்தினாலும் மாதக்கணக்கில் சோதனைகளைக் குழப்பும். அட்டை ஒன்றில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

மணப்பாறை அம்மா

இந்தத் தடவை நேராக மையத்துக்கே போய் இரண்டு நாள் தங்கி எடுத்தோம். எல்லாக் குழாயும் கோடு வரை. திங்கள் 7.00 ஊசி. அன்று 11.00க்கு 30 சதவீதம். செவ்வாய் 7.00க்கு 6. புதன் 7.00க்கு 1க்குக் கீழே. பெதஸ்டா நெகட்டிவ். கணினி அறிக்கை வர நாளாகும் என்றார்கள். வாத்தியார் சார், நீங்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்

நோட்டை எடுத்தேன். 30 லிருந்து 6, ஐந்தில் ஒரு பங்கு, 20 மணி நேரத்தில். அரை ஆயுள் 8.6 மணி. பின்னோக்கிப் போனால் ஊசி போட்டவுடன் 41 வாக்கில் ஏறியிருக்கும், நீலமூடி சொன்னபடி 50க்குச் சற்றுக் குறைவு. 1 சதவீதத்தைத் தொடுவது 46 மணியில். அதாவது புதன் காலை 5.30க்குச் சற்று முன். மூன்றாவது மாதிரி 1க்குக் கீழே வந்தது இதோடு பொருந்துகிறது. இது கைக்கணக்கு. கணினி சொல்வதே செல்லும்.

இப்போது வாரத்துக்கு 168 மணி நேரத்தில் 93 மணிதான் பையன் கோட்டுக்கு மேல் இருக்கிறான். அதே வாரம் 1000 யூனிட்டை நான்கு 250 ஆக்கித் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு போட்டால் 137 மணி. மூன்றாக, 250, 250, 500 என்று பிரித்தால் 122 மணி. 2009இல் காலின்ஸ் குழு வெளியிட்ட ஆய்விலும் 1 சதவீதத்துக்குக் கீழே கழிகிற நேரம் கூடக் கூடக் கசிவும் கூடுகிறது என்றுதான் வந்தது.

அனுபவஸ்தன்

மறுபடியும் கேட்கிறேன். இரண்டிலிருந்து நான்கு ஊசி. நரம்பு?

பழைய முழங்கால்

நரம்பும் ஒரு சொத்துதான், அதையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். நான்கு வேண்டாம் என்றே நானும் சொல்வேன். மூன்றுக்குப் போங்கள் அம்மா. எப்படியும் சில மணி நேரம் கீழேதான் இருக்கப் போகிறது, அதை அழித்துவிட முடியாது. ஆனால் எந்த நேரம் கீழே இருப்பது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பையனின் வாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போது ஓடுகிறான், எப்போது உட்கார்ந்திருக்கிறான்?

மணப்பாறை அம்மா

புதன் விளையாட்டு. சனி, ஞாயிறு என் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், வீடு இரண்டாகும். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் ஓவியம், காலையில் தமிழும் கணக்கும். வெள்ளிதான் சாது.

கணக்கு வாத்தியார்

அப்படியென்றால் திங்கள் 250, புதன் காலை 250, சனி காலை 500. பள்ளம் விழுவது செவ்வாய் இரவு தூங்கும்போதும், வியாழன் இரவு முதல் சனி காலை வரைக்கும். புதன் விளையாட்டு நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இதை அப்படியே செய்யாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வேறு காரணம் வைத்திருக்கலாம்.

ஸ்காபரோ அப்பா

இதைத்தான் நாங்களும் செய்தோம், ஹொக்கி நாளுக்கு ஏற்ற மாதிரி மாற்றினோம். மருந்து கூடவில்லை.

மணப்பாறை அம்மா

இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதை யார் போட்டது?" என்று கேட்டார். கணினி அறிக்கையில் அரை ஆயுள் 8.8 என்று வந்தது, வாத்தியார் சாருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. திங்கள், புதன், சனி என்றே எழுதிக் கொடுத்தார். மூன்றாவது குத்துக்கு முதல் இரண்டு வாரம் அழுதான், இப்போது அவனே எந்தக் கை என்று சொல்கிறான்.

இந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு கசிவு. வெள்ளிக்கிழமை. ஓவிய வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறிக் குதித்திருக்கிறான். மாமியார் இப்போது வெள்ளிக்கிழமைக்கு எந்தக் கோயில் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம், இதைத் திரும்ப எப்போது அளக்க வேண்டும்?

நீலமூடி

எடை நாலைந்து கிலோ ஏறினால், அல்லது மருந்தின் பிராண்டு மாறினால், அல்லது காரணமில்லாமல் கசிவு கூடினால். வளர வளர இந்த 8.8 மெதுவாக நீளும் என்று எதிர்பார்க்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் அடுத்த தடவை வேறு கம்பெனிக் குப்பி கொடுத்தால் பெயரையும் தேதியையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள். நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.